கை தூக்கினால் மட்டும்

கள்ளிக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் கிருஷ்ணப்பிரியா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு இடுப்பு வலி பாதி குறைந்திருக்கிறது, மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. மஸ்கட் வெயிலில் நீங்களும் அதிகம் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் அம்மாவுடையது, பேசும்போது அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள், இதை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு அசோக் மாமா லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடுவதற்காக அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், அந்தப் பைக்குள் இதை மடித்து வைத்துவிடப் போகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். டியூப் லைட்டைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று எமர்ஜென்சி விளக்கைக் கட்டிலில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

நம் தெருவில் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, ஆட்டோ முனையிலேயே நின்றுவிடுகிறது, அங்கிருந்து வீடு வரை அம்மாதான் என்னை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வருகிறாள். அரையாண்டில் கணக்கில் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழு ஆண்டுக்குள் சரி செய்துவிடுவேன். எதிர்வீட்டு நாய் போட்ட குட்டியில் ஒன்று நம் வாசலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அம்மா தினமும் அதைத் திட்டிக்கொண்டே சோறு வைக்கிறாள். உங்கள் முழங்காலுக்கு அனுப்பிய தைலத்தை ராத்திரி தேய்க்கிறீர்களா? ஏசி பெட்டிகளைத் தனியாளாகத் தோளில் ஏற்றாதீர்கள், இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

அப்பா, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு, நிதானமாகப் பேசுவீர்கள் என்று அம்மா அந்த நாளுக்காகக் காத்திருக்கிறாள். நான் இனிமேல் கூடைப்பந்து ஆடப் போகக் கூடாது என்று நீங்களும் சொல்ல வேண்டும் என்று கேட்பாள். நீங்கள் 'சரி, வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் நம் வீட்டில் பேச்சு கிடையாது. சனிக்கிழமை எங்கள் கோச் வேம்புலி அண்ணன் மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்குப் பெயர் கொடுக்கிறார். என் பெயரும் அதில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். உங்கள் வாயிலிருந்து வரப்போகிற அந்த ஒரு வார்த்தையை நினைத்துத்தான் இரண்டு நாளாகப் பயமாக இருக்கிறது. சோறு கூட இறங்கவில்லை, அம்மா அதற்கும் திட்டினாள்.

நான் சக்கர நாற்காலியில் ஏதோ எக்சர்சைஸ் செய்யப் போகிறேன் என்றுதான் உங்களுக்குத் தெரியும். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜில் கூரை போட்ட மைதானத்தை எங்களுக்குத் தருகிறார்கள். அம்மா என்னை உள்ளே விட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் மற்ற அம்மாக்களோடு பூ கட்டிக்கொண்டு இருப்பாள். அங்கே இருக்கிற விளையாட்டு நாற்காலி நம் வீட்டு நாற்காலி மாதிரி இல்லை. சக்கரங்கள் மேலே நெருங்கிக் கீழே அகன்று சாய்ந்திருக்கும், அதனால் சட்டென்று திரும்பலாம். இடுப்பையும் தொடையையும் பெல்ட் போட்டு நாற்காலியோடு கட்டிவிடுவார்கள். பின்னால் பிடித்துத் தள்ளுவதற்குக் கைப்பிடியே கிடையாது. முதல் நாள் அம்மா என் பின்னால் வந்து நின்று கையை நீட்டிவிட்டு, 'இன்னாடி வண்டி இது, புடிச்சித் தள்றதுக்கு ஒண்ணுமே இல்ல' என்று கேட்டாள். கலைவாணி அக்கா, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவள், அவளுக்கு ஒரு கால் முழங்காலுக்கு மேலே கிடையாது, அவள்தான் சிரித்துக்கொண்டே, 'யாரும் தள்ளக் கூடாதுன்னுதான் ஆன்ட்டி அத்த வெக்கல' என்றாள். அம்மா சிரிக்கவில்லை. கூடை மட்டும் நிற்கிறவர்களுக்கு எவ்வளவு உயரமோ எங்களுக்கும் அதே உயரம்தான் அப்பா. நமக்காக யாரும் அதை இறக்கி வைக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அங்கே முதலில் சொல்லிக் கொடுப்பது பந்து போடுவது இல்லை, விழுவது. வேம்புலி அண்ணனும் நாற்காலியில் இருப்பவர்தான். பாய் விரித்து, எங்களை ஒவ்வொருவராகச் சாய்த்துத் தள்ளிவிடுவார். 'வுழுந்தா கத்தாத, வெரல சக்கரத்துல குடுக்காத, முடிஞ்சா சிரி. பந்த அப்பால பாத்துக்கலாம்' என்பார். பெல்ட் போட்டிருப்பதால் நாற்காலியும் நம்மோடு சேர்ந்து கவிழும். ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சக்கரத்தை உந்தி, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி எழ வேண்டும். அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது, விழுந்தவர் கை தூக்கினால் மட்டும்தான் தூக்க வருவார்கள். தூக்காவிட்டால் இவள் தானே எழுந்துவிடுவாள் என்று அர்த்தம், ஒருவரும் தொட மாட்டார்கள், பந்தின் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். முதல் தடவை அப்படி என்னை விட்டுவிட்டுப் போனபோது அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து என்னைத் தரையில் விட்டுவிட்டு யாரும் போனதே இல்லையே. அடம் பிடித்துக் கை தூக்காமல் கிடந்து, எப்படியோ எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தேன். யாருமே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஐயோ பாவம் என்று ஒரு முகம் கூட இல்லை. கலைவாணி அக்கா தூரத்திலிருந்து, 'இன்னாமே, படுத்துத் தூங்கி எழுந்தியா, வா இந்தாண்ட' என்று கத்தினாள். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து வந்த அணியோடு மேட்ச். அம்மா முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். எனக்காக நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மடியில் தயிர்சாதம் டப்பா. கடைசி நிமிடம், அவர்கள் ஒரு புள்ளி அதிகம். நான் பந்தைக் கலைவாணி அக்காவுக்குத் தூக்கிப் போட்டேன், அதே நேரம் எதிரணிப் பெண் வந்து மோதினாள், கவிழ்ந்துவிட்டேன். பந்து அக்கா கைக்குப் போய்விட்டது, அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை, கூடைக்குக் கீழேயே இருந்தாள். நானும் தரையில் கையை ஊன்றிவிட்டேன். அப்போதுதான் 'ஐயோ என் புள்ள' என்று சத்தம். அம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடி வருகிறாள், தயிர்சாதம் டப்பா மைதானத்தில் உருண்டு போகிறது. நடுவர் விசில் ஊதிவிட்டார், எல்லாம் நின்றுவிட்டது, விசிலுக்கு அப்புறம் அக்கா போட்ட பந்து கூடைக்குள் விழுந்தும் கணக்கில் சேரவில்லை. அம்மாவுக்கு அது எதுவும் தெரியாது. அக்குளில் கை கொடுத்து என்னை இழுக்கிறாள், பெல்ட் போட்டிருப்பதால் நாற்காலியும் சேர்ந்து வருகிறது, பாரம் தாங்காமல் அவளும் என் மேலேயே விழுந்தாள். பூந்தமல்லி ஆள் ஒருவர், 'யக்கா, வுடு, பொண்ணு வண்டியோட சேத்துக் கட்டிக் கீது' என்றதும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். நான் அம்மாவிடம், 'எல்லாரும் பாக்குறாங்க, எட்டப் போம்மா' என்று கத்தினேன். அம்மா எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நாங்கள் அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். யாரும் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. வேம்புலி அண்ணன் மட்டும், 'எங்க அம்மா மொத மேட்சுல ரெஃப்ரிய அடிக்கவே போயிருச்சு, வுடு' என்றார்.

வீட்டுக்கு வந்து எனக்கு முகம் கழுவிவிட்டபோதுதான் அம்மா ஆரம்பித்தாள். 'பெத்தவ கண்ணெதிர்ல புள்ள கீழ கெடக்குது, அத்தினி பேரும் பந்து பின்னாடி ஓடுறாங்க. இது ஒரு வெளாட்டா? இனிமே அங்க போவ வேணாம்' என்றாள். நான் கை தூக்கவே இல்லையேம்மா என்றேன். அதற்கு அம்மா, 'நீ கை தூக்கினாத்தான் நான் வரணுமா? பொறந்ததுலேர்ந்து உன்னைக் கேட்டுக்கினா தூக்கினேன்?' என்று கேட்டாள்.

அவள் கேட்டதும் நியாயம்தான் அப்பா. ஐந்தாம் வகுப்பில் மாடியில் இருந்த வகுப்புக்குத் தினமும் இடுப்பில் சுமந்துகொண்டு ஏறியவள் அவள், அந்த இடுப்புதான் இப்போது வலிக்கிறது. நான் விழுந்தால் அவள் யோசிப்பதற்கு முன்னால் அவள் கை வந்துவிடுகிறது. அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது. ஆனால் நான் அங்கே எழுந்து உட்காருவதும் பொய் இல்லையே. அம்மாவை வருத்தப்படுத்தாமலும் நான் முகாமுக்குப் போகிற மாதிரியும் ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். உங்களால் முடியாவிட்டால், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேச்சை வேறு பக்கம் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் லைன் சரியில்லை என்று

அப்பா, பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது நடந்ததை எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருந்தபோது பேனா உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அதை எடுக்கலாம் என்று கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினேன், இருட்டில் ஒரு பக்கத்து பிரேக்கைப் போடாமல் விட்டிருக்கிறேன். நாற்காலி நழுவிப் போய்விட்டது, நான் தடாலென்று தரையில் விழுந்தேன், விளக்கும் கூடவே விழுந்தது, நல்லவேளை அணையவில்லை. அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்திருக்கும். மாட்டிக்கொண்டேன், கடிதத்தைப் பார்த்துவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கீழே கிடந்ததால் அறை வாசலில் தொங்கும் திரைக்கு அடியில் எனக்குத் தெரிந்தது, அம்மாவின் பாதம். விளக்கு வெளிச்சத்தில் மெட்டி பளபளத்தது. விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன, ஓடப் போகிறவளுடைய கால் மாதிரி. இதோ வருகிறாள், இதோ தூக்குகிறாள் என்று பார்க்கிறேன், பாதம் அசையவில்லை. வளையல் மட்டும் ஒரு தடவை சத்தம் போட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டாளோ என்னவோ.

எனக்கு ஒரு நிமிடம் கை தூக்கிவிடலாமா என்று கூட இருந்தது, அம்மாவுக்காக. தூக்கவில்லை. கைக்கு எட்டிய பேனாவை எடுத்துக் கட்டில் மேல் போட்டுவிட்டு, நகர்ந்து போய் நாற்காலியைப் பிடித்து இழுத்து, இரண்டு பிரேக்கையும் போட்டேன். கால்களைக் கையால் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கட்டில் சட்டத்திலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றினேன். முதல் தடவை வழுக்கிவிட்டது. அப்போது திரைக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஆனாலும் பாதம் அங்கேயேதான் இருந்தது. இரண்டாவது தடவை ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும் வரை நின்றிருந்துவிட்டு, அப்புறம் அந்தப் பாதம் மெதுவாகத் திரும்பிப் போனது. அடுக்களையில் செம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது. நிறைய நேரம் குடித்தாள்.

அதனால் மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். லைன் சரியில்லை என்று பொய் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை அம்மா கேட்பாளா, கேட்கமாட்டாளா, எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை, இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. எதைக் கேட்டாலும் நீங்கள் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள், முதலில் அவளைப் பேச விடுங்கள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இன்று ராத்திரி நான் ஒருத்தி மட்டும் கஷ்டப்பட்டு எழவில்லை அப்பா, அங்கே நிற்பதற்கு அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

ஊறுகாயை வெளியே வைக்காதீர்கள், எறும்பு வரும். தைலத்தை மறக்காதீர்கள். அங்கிருந்தே என்னை ஆசீர்வாதம் செய்யுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. சித்திரையில் லீவில் வரும்போது ஏர்போர்ட்டில் வழக்கம் போலப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கிவிடாதீர்கள். பக்கத்தில் வந்து நின்று கொஞ்சம் பொறுங்கள். நான் கை தூக்கினால் மட்டும் தூக்குங்கள்.

அநேகமாகத் தூக்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
ரா. கிருஷ்ணப்பிரியா