சுவர்ப்பக்கம் திரும்பி நின்றவர்கள்

இன்று தபாலில் அழைப்பிதழ் வந்தது. வழுவழுப்பான தாள், மூக்கில் ஏறும் மை வாசனை. அறக்கட்டளையின் வெள்ளி விழாவாம். உள்ளே உன் பழைய படம். அதன் கீழே, ‘மலைவாழ் மாணவர் நாணத்துடன் உதவி பெறும் காட்சி’. தாளை அப்படியே கவிழ்த்து வைத்தேன். நீ செத்துப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நாம் சென்னையில் தத்துவம் எம்.ஏ. படித்தபோது, எனக்குக் கண்ணமங்கலத்திலிருந்து அப்பா பணம் அனுப்பினார். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் வீட்டுப் பிள்ளையான உனக்குத் திருப்பத்தூர்ப் புளிமண்டிக்காரரின் அறக்கட்டளைதான் கதி. தத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தால் தானும் ஞானியாகிவிடலாம் என்று அந்த மனுஷருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருட விழாவில் உறையை நீட்டியவர், போட்டோக்காரர் தலையாட்டும்வரை பிடியை விடாமல் இளித்துக்கொண்டு நின்றார். நீயோ முகத்தை மேடைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாய்.

“இன்னாடா திமிரு? இங்க பார்றா!” என்று மைக்கிலேயே கத்தினார். நீ திரும்பவில்லை. இனி உனக்கு உதவி கிடையாது என்று அங்கேயே அறிவித்தார். கூட்டம் கைதட்டியது, தூ!

பஸ் நிலையத்தில் உன்னைப் பிடித்து உலுக்கினேன். நீ என்னைவிடக் குழம்பிப்போயிருந்தாய்.

“எங்க ஊர்ல ஒரு வூட்ல தானியம் தீர்ந்துட்டா, அடுத்த வூட்டுக்காரங்க வாசல்ல வச்சிட்டுப் போய்டுவாங்க. வாங்கறவன் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவான். மூஞ்சப் பாத்துட்டா அப்பறம் அவங்ககிட்ட எதுத்துப் பேச வாய் வராதில்ல? அவருக்கு மரியாததான்டா பண்ணேன்.”

“ஒரு வார்த்த மன்னிப்புக் கேளு. படிப்பே போய்டும்டா.”

“கேட்டா, எங்க ஊர்க்காரங்க பண்ணதெல்லாம் தப்புன்னு ஆய்டும்.”

என் அப்பாவிடம் வாங்கித் தருகிறேன் என்றேன். “அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டேனே” என்று சிரித்துவிட்டு மலைக்குப் பஸ் ஏறினாய். படிப்பு அதோடு முடிந்தது.

உன் காரியத்தன்று ஜீப் ஒன்று மேலே வந்தது. மண்டிக்காரரின் மகன், ஒரு மாலை, ஒரு போட்டோக்காரர். “உங்க பொண்ண நாங்க தத்துவம் படிக்க வைக்கிறோம்மா. இப்படி வந்து நிக்கச் சொல்லுங்க” என்று உறையை எடுத்தார் மகன். அழுது வீங்கியிருந்த உன் மகளின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“வச்சிட்டுப் போங்க சாமி, அவ எடுத்துக்குவா” என்றாள் உன் மனைவி. அவள் சொல்லி முடிக்கும் முன்பே உன் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகன் போட்டோக்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். உறை சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. ஜீப் கிளம்பிவிட்டது. மாலையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், அயோக்கியர்கள்.

ஜீப் சத்தம் அடங்கிய பிறகும் உன் மகள் திரும்பவில்லை. அவர்கள் வைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று நம்பி நின்றாள். “ஒண்ணும் வைக்கலம்மா” என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கசப்பு இன்னும் என் வாயைவிட்டுப் போகவில்லை.