எந்தக் கத்தாழை?

இன்று காலை ஆய்வகத்தில் சோற்றுக்கத்தாழையை அலசிக்கொண்டிருந்தேன். அந்த வாடை எழுந்தது. "வெங்காயத்தக் குளிப்பாட்டுன மாதிரி இருக்குலே" என்று மூக்கைச் சுளிப்பாயே, அதே வாடைதான். பக்கத்து மேசையில் நீ நிற்பதாகவே ஒரு கணம் நினைத்துத் திரும்பிவிட்டேன். நெஞ்சுவலி என்று மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நீ திரும்பாமலே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கழுத்துக்கு இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நான் உயிரியல், நீ வேதியியல். இந்த மேல்மலைப் பள்ளியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் ஒட்டன்சத்திரம் பக்கத்து வெயிலில் வளர்ந்தவன், நீ இந்த மலையிலேயே பிறந்த கிளாவரைக்காரன். பனி இறங்கிவிட்டால் பிள்ளைகளின் புறங்கை வெடித்து, எழுதும்போதே நோட்டில் ரத்தம் ஒட்டும். அதைப் பார்த்துத்தான் கத்தாழையில் ஒரு ஜெல் செய்வோம் என்று ஆரம்பித்தேன். ஆசிரியர் அறையில் நமக்கு 'பியூட்டி பார்லர்' என்று பெயர் வைத்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நீயோ, "புருவம் திருத்தணுமா சார்? வெரசா வாங்க, கூட்டமா கெடக்கு" என்று அவர்களையே மடக்கிவிடுவாய்.

கத்தாழையின் மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை எடுத்து அடித்து, ஆளிவிதை வேகவைத்த கொழகொழப்பில் கலப்போம். இரண்டு நாளில் புளிக்கும், இல்லையென்றால் நிறம் மாறும். ஒவ்வொரு தடவையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவோம். அதில் கடைசிக் கட்டத்துக்கு நீ வைத்த தலைப்பு, 'யாரு கை?'. யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் தன் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பார்க்க வேண்டும். பக்கம் பக்கமாக உன் பெயர்தான் இருக்கிறது. எனக்கு எப்போதும் ஏதாவது அவசரச் சோலி வந்துவிடும், என்ன மாயமோ.

அந்த டிசம்பர் நினைவிருக்கிறதா? பதினொன்றாம் வகுப்பில் பக்கத்து மலைக்கிராமமான போளூரிலிருந்து வந்த ஒரு பெண், அவளுடைய அம்மா கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவர் என்றும், கை வெடிப்பில் சோறு பிசைந்து சாப்பிடக்கூட முடியவில்லை என்றும் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. என்னிடமிருந்த கத்தாழை தீர்ந்துபோயிருந்தது. "நாளைக்குக் கத்தாழை கொண்டு வா. நேரம் மிச்சமாகும், வீட்டிலேயே அடித்து வடிகட்டிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். நீ அப்போது அடுத்த வகுப்பில் இருந்தாய். மறுநாள் வெள்ளனே தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். மதியத்துக்குள் ஜெல் தயாராகிவிட்டது. அன்றைக்கே பாட்டிலில் ஊற்றி அவளிடம் கொடுக்கப் போனேன்.

நீ பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாய். "ஏலே, ஒருநாள் பொறு. இன்னைக்கு என் கை, நாளைக்கு அவுக கை."

"எத்தனை தடவைடா இதையே தடவிப் பார்ப்பே? அந்தம்மா வலியில கெடக்காங்க" என்று கத்தினேன். நீ சட்டைக் கையைச் சுருட்டினாய். உன்மேல் எனக்கிருந்த கோபம் வீடு போகும்வரை ஆறவில்லை.

மறுநாள் காலை நீ கையைக் காட்டினாய். முழங்கை மடிப்பு சிவந்து வீங்கி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ராத்திரி பூராவும் சொறிந்திருக்கிறாய். அந்தப் பெண்ணிடம் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் ஊரில் கத்தாழை என்றால் சோற்றுக்கத்தாழைதான். அவள் வீட்டிலோ கத்தாழை என்றால் வேலியில் முள்ளோடு நிற்கும் ஆனைக்கத்தாழை. அதன் சாறு பட்டாலே தோல் அரிக்கும். அந்தச் சாற்றை வெடித்த கைகளில் தடவக் கொடுக்க இருந்தேன். இலையைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன். நேரம் மிச்சமாகட்டும் என்று இலையே கண்ணில் படாமல் செய்தவனும் நான்தான்.

ஜெல் கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. நேராக என் வகுப்புக்குள் வந்து கையை எல்லோருக்கும் காட்டினாய். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏ தாயி, நீ எதுக்கு அழுவுற? நீ சரியாத்தான் கொண்டாந்த. உங்க சாரு கேட்டதுதான் தப்பு" என்றாய். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது. பிறகு கரும்பலகையில் இரண்டு செடிகளையும் வரைந்து, அவற்றின் அறிவியல் பெயர்களை எழுதினேன். இருசொற் பெயரிடும் முறையைப் பத்து வருஷமாக மனப்பாடப் பகுதியாகவே நடத்திக்கொண்டிருந்தேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் என் வகுப்புக்குப் புரிந்தது. எனக்கும்தான்.

அடுத்த வாரம் சரியான கத்தாழையில் ஜெல் செய்தோம். முதலில் என் கையில் தடவி ஒருநாள் பார்த்தோம். ஒரு மாதம் கழித்து அந்தம்மா ஒரு பை கேரட்டோடு பள்ளிக்கே வந்தார். "இப்பத்தான் சார் ரசஞ்சோறு பெசஞ்சு சாப்புட்டேன், எரியல" என்றார். நீ அவருடைய கையைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட இருந்ததில்லை.

உன்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. சொல்லியிருந்தால் நீ கிண்டல்தான் செய்திருப்பாய்.

நம் பழைய நோட்டு முடிந்துவிட்டது. இன்று வகுப்புத் தலைவி புதிய நோட்டில் அதைப் பார்த்தே கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். உள்ளே நுழையும்போதே, "சார், நாளைக்கு நீங்க கொண்டுவரச் சொன்னது எந்தக் கத்தாழைங்க?" என்று விசாரித்துவிட்டாள். இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் நீ எழுதியிருந்தபடியே 'யாரு கை?' என்று எழுதியிருந்தாள். ஒற்று விட்டால்கூட சிவப்பு மையில் சுழிக்கிறவன் நான். பேனாவைத் திறந்தேன், 'யாரு' என்பதை 'யார்' என்று திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.