அம்மா முழுக்க நலம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதியில் நிறுத்தி யோசித்து, அந்த வார்த்தையை ஒரு ஆளுக்கு மட்டும் எழுதுகிறேன். அம்மா நலம். அம்மா முழுக்க நலம். இதை இரண்டு தடவை படித்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. கட்டி அம்மாவுக்கு இல்லை, எனக்கு. இடது மார்பில், சட்டைப் பை வருகிற இடத்தில். ஊசியால் சதை எடுத்து கேன்சரா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்களே, அதுவும் என்னுடைய சதைதான். பன்னிரண்டு நாளாக நீ தினமும் காலையில் கூப்பிட்டு அம்மாவுக்குச் சொன்ன தைரியமெல்லாம் ஆள் மாறிச் சொன்ன தைரியம், மாற்றிவிட்டது நான். ரிசல்ட் இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று செவ்வாய்.

ஆம்பிளைக்கு அந்த இடத்தில் வருமா என்று நீ கேட்பாய், நானும் அதையேதான் கேட்டேன், அபூர்வமாக வரும் என்றார் டாக்டர். எந்தக் குலுக்கலிலும் ஒரு ஆறுதல் பரிசுகூட விழாத ஆளுக்கு இது விழுமா என்று பார்க்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம். நாலு மாசத்துக்கு முன்பே அங்கே ஏதோ உரசுகிற மாதிரி இருந்தது. என் சட்டைப் பை உனக்குத் தெரிந்ததுதானே, நீலப் பேனா, சிவப்புப் பேனா, குறிப்பு நோட்டு, விசில் என்று ஒரு சின்ன அலமாரி. பஸ் நேரத்துக்குக் கிளம்பினால் நீலம், தாமதமானால் சிவப்பு, டிப்போவில் முப்பத்தொரு வருஷமாக டைம் கீப்பருக்கு இரண்டு பேனாவும் இல்லாமல் ஓடாது. பேனாதான் குத்துகிறது என்று முடிவு கட்டி, மூன்று சட்டைக்கு வலது பக்கம் பை தைத்துத் தரச் சொல்லி உன் அம்மா உயிரை வாங்கினேன். பிறகு பனியனில் ஒரு சின்னக் கறை. சிவப்புப் பேனா கசிகிறது என்றேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கறை, மறுபடியும் பேனா என்றேன். பேனா இருப்பது வலது பக்கம், கறை வருவது இடது பக்கம், அதுகூட எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது தடவை அம்மா அந்தப் பனியனைத் துவைக்காமல் கொண்டுவந்து மேசைமேல் விரித்துப் போட்டாள். மை சோப்புக்குப் போகாதுங்க, போன ரெண்டு கறையும் போயிடுச்சு, இது மை இல்ல என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மார்பகப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு வெளியே இருபது நாற்காலி, என்னைத் தவிர எல்லாம் பெண்கள். நர்ஸ் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து, நீங்க உள்ள வாங்கம்மா, சார் வெளிய இருக்கட்டும் என்றார். அம்மா எழுந்து நின்று, இல்லைங்க, அவர்தான் உள்ள, நான்தான் வெளிய என்றாள். அந்த வரிசை மொத்தமும் என்னை நிமிர்ந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. படிவத்தில் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்று ஒரு கட்டம், பொருந்தாது என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்தது எத்தனை மாதம் என்று அடுத்த கட்டம். அம்மா எட்டிப் பார்த்து, பாட்டில்ல கலக்கிக் கொடுத்ததைப் போட்டுக்கலாமான்னு கேளுங்க என்றாள். அவளுக்கு எங்கே கிண்டல் வரும் என்று ஒரு கணக்கே கிடையாது. சதை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மருந்துக் கவுன்டர் முன்னால் நிற்கும்போது நீ கூப்பிட்டாய். டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் உனக்குக் கேட்டுவிட்டது, எங்க இருக்கீங்க, யாருக்கு என்ன என்று கத்தினாய். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் போனை வாங்கி, அம்மாவுக்கு மார்புல சின்னதா ஒரு கட்டி, டெஸ்டுக்குக் கொடுத்திருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, இரு அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று சொல்லி அவள் கையில் திணித்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பன்னிரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெற்ற மகளிடம் எனக்கு மார்பில் என்று சொல்ல நாக்கு எழவில்லை, வெட்கம்தான், இதைவிட கௌரவமான காரணம் கைவசம் இல்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம்மா எனக்குத்தான், வலியெல்லாம் இல்ல என்று உன்னிடம் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில், நீங்களா சொல்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன், ஆனா ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது என்றாள்.

அன்றிலிருந்து காலை ஏழே முக்காலுக்கு உன் போன். அங்கே அப்போது சாயங்காலம், நீ வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம் என்று அம்மா சொன்னாள், எனக்கு அதுகூடத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள், நான் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஷூவுக்கு பாலிஷ் போடுகிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். என் கல்யாணத்தன்றுகூட என் ஷூ இப்படிப் பளபளத்தது இல்லை. இன்டர்நெட்டில் தேடாதே என்றாய், நான் தேடுவதை நிறுத்தினேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வை என்றாய், எழுதி வைத்திருக்கிறேன், ஒன்பது கேள்வி. தினமும் கால் மணி நேரம் எதுவும் செய்யாமல் வெயிலில் உட்கார் என்றாய், நீ போனை வைத்த மறு நிமிஷம் அம்மா நாற்காலியைப் பால்கனியில் போட்டுவிட்டு, பிள்ளை சொல்லிட்டா, போய் உட்காருங்க என்பாள், நானும் கைதி மாதிரி போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். கைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி நீ தைத்து அனுப்பிய குட்டித் தலையணையும் கூரியரில் வந்து சேர்ந்தது, ஊதாப் பூப் போட்ட உறை. அதை இடது கைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் இப்போது இதை எழுதுகிறேன். காயத்தில் கை உரசாமல் நன்றாக இருக்கிறது. ஆறாவது நாள் என்று நினைக்கிறேன், அப்பா ஆறுதலா எதுவும் சொல்ல மாட்டார்மா, அவருக்கு பஸ் லேட்டானா மட்டும்தான் வாய் திறக்கும், அதை மனசுல வெச்சுக்காதே என்று நீ சொன்னாய். அம்மா குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சரி என்று மட்டும் உன்னிடம் சொன்னாள். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வலித்தது, இத்தனை நாளில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

மற்றபடி எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை பாப்பா. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடு என்று அம்மாவுக்குச் சொன்னாய், எனக்கு அதுவும் வரவில்லை. சதை எடுப்பதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட்டார்கள், அந்த இடத்துக்கு அன்று சாயங்காலமே உணர்வு திரும்பிவிட்டது, மீதி ஆள்தான் இன்னும் மரத்துப்போய்க் கிடக்கிறான். சாப்பிடுகிறேன், உப்பு கூடவா குறைவா என்று தெரிவதில்லை. டிப்போவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர் பஸ் பதினொரு நிமிஷம் தாமதமாக என் கண் முன்னால் கிளம்பிப் போயிற்று, நான் விசில் ஊதவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து நேரத்தைச் சரியாக எழுதினேன், அதோடு சரி. திரும்பி வந்ததும் அந்த டிரைவர் என் அறைக்கு வந்து, என்ன சார், திட்டுவீங்கன்னு தயாரா வந்தேன், உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு ஒரு டீயை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை ரிசல்ட் வாங்கப் போனோம். இன்னொரு டெஸ்டும் சேர்த்துப் பார்க்கிறாங்க, வந்துடும் ஐயா என்றது கவுன்டரில் இருந்த பெண். முப்பத்தொரு வருஷமாக என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும் நான் சொன்னதும் அதே வந்துடும்தான், எப்போ வரும் என்று திரும்பக் கேட்டவர்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்றைக்கு நானும் எப்போம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் உள்ளே போய் விசாரித்து, வியாழன் பதினொரு மணி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், வலது பக்கம்.

இன்னொரு டெஸ்ட் என்று அம்மா சொன்னதிலிருந்து உன் குரல் மாறிவிட்டது. நேற்றுக் காலையில் நீ அழுதாய். மூணு வருஷமா வரவே இல்லையேம்மா, வேலை வேலைன்னு இருந்துட்டேனே, உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன் என்று அழுதாய். லீவு கேட்டிருக்கிறேன் என்றாய். அம்மா வழியில் இருக்கிறது என்று உன் டாக்டரிடம் சொல்லி நீயும் செக்கப்புக்கு நாள் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். அம்மா, அழாதே அழாதே என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஈரக் கையோடு வெளியே வந்து என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக் கீழே வைத்தாள். அவ சொன்ன ஆறுதலையெல்லாம் ஒண்ணு விடாம உங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்துட்டேன், இந்த அழுகையை என்னால வாங்கி வெச்சுக்க முடியாது, இது உங்களுக்கு வந்தது, நீங்களே வாங்கிக்கோங்க என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், இவ்வளவு மெதுவாக அவள் என்னைத் திட்டியது இல்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நேற்று சாயங்காலம் உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், நீ தூங்குகிற நேரம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லி போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குப் பேசித் திருத்தத் தெரியாது, எழுதித் திருத்தத்தான் தெரியும். டிரிப் ஷீட்டில் ஒரு நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, அதன் மேலேயே எழுதவும் கூடாது. தப்பும் படிக்கத் தெரிகிற மாதிரி குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதன் கீழே திருத்தினவன் கையெழுத்தும் நேரமும். அதே மாதிரிதான் இதையும் செய்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன அம்மாவுக்கு என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு அப்பாவுக்கு என்று எழுதிக்கொள். உன் டாக்டரிடம் அம்மா வழி என்று சொன்னதை அப்பா வழி என்று மாற்றிச் சொல், இதைத் தள்ளிப் போடாதே. சனிக்கிழமை கவுன்டரிலிருந்து போய் எங்கள் டாக்டரையும் பார்த்தோம், உங்களுக்குப் பெண் பிள்ளை இருக்கா என்று கேட்டார், இருக்கா, ரொம்பத் தூரத்துல இருக்கா என்றேன். ரிசல்ட் எப்படி வந்தாலும் அவங்ககிட்ட சொல்லிடுங்க, அவங்க டாக்டருக்கு இது தெரியணும் என்றார். என் வெட்கத்துக்காக உன் உடம்பு விஷயத்தில் தப்பான தகவல் போயிருக்கிறது, அதை நினைத்தால் மட்டும் கொஞ்சம் உறைக்கிறது. லீவு விஷயத்தில், வர வேண்டாம், வீண் அலைச்சல் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். எழுதவில்லை.

எழுதி முடித்ததும் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். மேலே பக்க எண் போட்டிருக்கிறேன், மொத்தம் ஆறு, எண்ணிப் பார்த்துக்கொள். அவள் எடுக்கிற போட்டோ எல்லாவற்றிலும் அவள் கட்டைவிரலும் வரும், அதைச் சுற்றிப் போய்ப் படி. அவள்மேல் கோபப்படாதே, அவள் என் மூட்டையைத்தான் சுமந்தாள். என்மேல் கோபப்படலாம், அதை வியாழனுக்குப் பிறகும் படலாம், அவசரம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையிடம் விவரத்தைச் சொல்லிவிடு, வலது பக்கப் பை கதையைக் கேட்டு அவர் சிரித்தால் சிரிக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும், இது நான் எப்போதும் எழுதுகிற வரிதான், இந்தத் தடவை யோசித்து எழுதினேன்.

நாளைக் காலையில் ஏழே முக்காலுக்கு போனை நான்தான் எடுப்பேன். எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்பேன், நீ பதில் சொல்வதற்குள் இரு அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும், நீ அங்கே போனதிலிருந்து எட்டு வருஷப் பழக்கம். குடுக்க விடாதே.

கோடு போட்டுத் திருத்தி, கீழே கையெழுத்திடும்
உன் அப்பா
செவ்வாய், மாலை 5.20