மேலே பார்த்தால் இரண்டும் வெள்ளை

என் பிரியமுள்ள தேவகி அண்ணிக்கு,

உன்னைக் கொன்றது என் அண்ணன். வாயால் கொன்றான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இவங்க என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறார். "வேலைக்கெல்லாம் போவுறதில்லைங்க, வூட்லதான் இருக்குது" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு உனக்கு நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வந்ததுதான்.

இது எனக்கு நீ போன பிறகுதான் தெரிந்தது. நீயும் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? ஏன் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை?

"நீங்க நாங்கன்னா யாரோ விருந்தாளி மாதிரி இருக்குது, நீன்னே கூப்பிடு" என்று நீ கல்யாணமாகி வந்த புதிதில் சொன்னாய். அந்த உரிமையில்தான் இப்படிக் கேட்கிறேன். இதை ஊர் படிக்கட்டும் என்றுதான் மூடாமல் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு அது பொய் என்றே தோன்றியிருக்காது. திட்டக்குடியை அடுத்த மங்களூர் பக்கம் நிலம் வைத்திருந்து, களையெடுக்க ஆள் கூப்பிட்ட குடும்பம் இது. நிலம் போய், விருத்தாசலத்தில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும், "எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போவ மாட்டாங்க" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. அதனால் நீ வேலைக்குப் போகவில்லை, "பக்கத்துல" போனாய். சோற்று டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, காலையில் "பக்கத்துல போயிட்டு வரேன்" என்று கிளம்புவாய். பீங்கான் கம்பெனி இருந்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். திரும்பி வர இருட்டிவிடும். தெருவுக்கே தெரியும். ஆனாலும் யார் கேட்டாலும் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான். "தேவகியா? இங்கதான் பக்கத்துல போயிருக்குது." எங்கள் வீட்டு அடுப்பில் உலை கொதித்தது அந்தப் "பக்கத்தில்" இருந்து வந்ததில்தான்.

உன் வேலை பினிஷிங். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு எழும்பி நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கோடே தெரியாமல் ஆக்க வேண்டும். பொம்மை ஈரமாக இருக்கும்போதே செய்தால் தூசி பறக்காது. ஆனால் வேலை மெதுவாகும், சில பொம்மை கோணிவிடும். ஆகவே நன்றாகக் காயவிட்டுத்தான் சுரண்டச் சொன்னார்கள். காற்றடித்தால் காய்கிற பொம்மை விரிசல் விடும் என்று ஜன்னல்களையும் சாத்தி வைத்தார்கள். பொம்மைக்கு ஆகாத காற்று உங்களுக்கும் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வரும்போது உன் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். "யாராவது பாக்கப் போறாங்க, மூஞ்சியத் தொடச்சிக்கினு வா" என்பான் அண்ணன்.

"பவுடர் போட்டுக்கினு வரான்னு நெனச்சிக்குவாங்க, வுடு" என்பாய் நீ.

ஒரு முறை ஐஸ்கிரீம் கடைகளுக்கென்று ஆர்டர் வந்தது. ஒரு வெள்ளைப் பனிக்கட்டி, அதன் மேல் ஒரு பனிக்கரடி, பக்கத்தில் ஒரு பென்குயின். காது உடைந்த ஒன்றை நீ உன் மகள் யாழினிக்கு விளையாட எடுத்து வந்தாய். நான் அப்போதுதான் பெண்ணாடத்தில் தனியார் ஸ்கூலில் சமூக அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். எதைப் பார்த்தாலும் திருத்தத் தோன்றும்.

"அண்ணி, இது தப்பு. கரடி வட துருவத்துல இருக்குது. பென்குயின் தென் துருவம். ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்ல."

"நடுவுல என்னா இருக்குது?"

"மொத்த உலகமும் இருக்குது. நாமளும்தான்."

"அப்ப ரெண்டும் பாத்துக்கணும்னா நம்ம ஜங்ஷன்ல எறங்கி வண்டி மாறணும்னு சொல்லு. கரடிக்குக் கீழ் பெர்த்து குடுக்கச் சொல்லு, ஒடம்பு பெருசு."

"ஓனர்கிட்ட சொல்லு, தப்பா பண்றாங்கன்னு."

"போடி. கரடி வந்து கேஸ் போடப் போவுதா?"

அன்று நீ சிரித்து முடித்ததும் இருமினாய். சிரித்ததால் வந்த இருமல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அப்புறம் அது நிற்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் வெள்ளைத் திட்டுகள். சளியில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் படத்தைப் பார்த்தால் டிபி மாதிரி இருக்கிறது, வீட்டில் இருக்கும் பெண், வேறு காரணம் தெரியவில்லை, எனவே டிபி. மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும், மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நீ திரும்பவும் "பக்கத்துல" போனாய். சாத்திய ஜன்னலுக்குக் கீழே, அதே பலகையில், அதே கத்தியோடு.

அம்மா உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கியது. யாழினியை உன் பக்கத்தில் படுக்க விடவில்லை. அவள் வாசற்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "அம்மா, என்னைப் பாரு" என்று கூப்பிடுவாள். நீ அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுவாய். கடைசி மாதங்களில் உன் பிள்ளையின் தலையைக்கூட நீ வாரிவிடவில்லை.

அண்ணி, அவளுக்கு ஒட்டியிருக்காது. உனக்கு வந்தது ஒட்டுகிற நோயே இல்லை.

உன் கருமாதிக்குக் கம்பெனி முதலாளி வந்திருந்தார். மாலை போட்டார், பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உறவுக்காரர் ஒருவர், "இவரு கம்பெனியிலதான் வேலை செஞ்சுதா பாப்பா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி, "வேலையெல்லாம் இல்லைங்க மாமா. பொழுது போவாம எப்பவாவது போய் ஒக்காந்துட்டு வரும்" என்றான். முதலாளி தலையாட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை.

உன் இடத்தில் இப்போது உன் தங்கச்சி செல்வி உட்கார்ந்திருக்கிறாள். உன் காரியம் முடிந்த கையோடு கம்பெனியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். உதவி செய்வதாகத்தான் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நம்பினாள். இப்போது அவளும் இருமுகிறாள். அவள் புருஷன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். அதனால் நான்தான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனேன். உன் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே டாக்டர்தான். வாசலிலேயே செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டா வூட்லதான் இருக்குறேன்னு சொல்லட்டுமாக்கா?" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை அண்ணி. தானாகவே வருகிறது.

நான் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் பீங்கான் பொம்மை சுரண்டுறவங்க டாக்டர். ஒரே ரூமு, ஒரே பலகை."

டாக்டர் உன் படத்தைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். செல்வியின் படத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார். "அவங்க வூட்லதான் இருக்காங்கன்னு ஹஸ்பெண்ட் சொன்னாரேம்மா" என்றார். "டிபியும் இதுவும் படத்துல ஒண்ணு போலத்தான் இருக்கும். இது கல்லுத் தூசி. உள்ள போனா கரையாது, வெளியவும் வராது. இதுக்கு மாத்திரை கெடையாது. வேலையை நிறுத்தியிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாங்க."

இன்னும் கொஞ்ச காலம். அது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஏழாம் வகுப்பில் பூமி உண்டான பாடம் எடுக்க வேண்டியிருந்தது. சூரியனைச் சுற்றித் தூசியும் வாயுவுமாக ஒரு மேகம் சுழன்றது. தூசியோடு தூசி ஒட்டிக் கட்டியாயிற்று, கட்டிகள் மோதி மோதிப் பெரிதாகி, சூட்டில் எல்லாம் உருகியது. கனமான இரும்பு நடுவுக்கு இறங்கியது. லேசானது மேலே மிதந்து, ஆறி, நாம் நிற்கும் ஓடாக ஆனது. அந்த ஓட்டில் எங்கே பார்த்தாலும் கிடைப்பது மணலும், வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லும் ஆன பொருள்தான். அதை மாவாக அரைத்துத்தான் உன் பொம்மைக் களிமண்ணில் கலந்தார்கள்.

"மிஸ், மேல இருக்குறதுதானே லேசு, அது நமக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று முன் பெஞ்சுப் பெண் கேட்டாள். பக்கத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன்.

அடுத்த பக்கம் துருவங்கள். எத்தனையோ முறை நடத்திய பாடம், அன்றுதான் புரிந்தது. படத்தில் பார்த்தால் இரண்டும் வெள்ளை. ஆனால் வடக்கே அந்த வெள்ளைக்கு அடியில் கடல். சுற்றிலும் நிலம், கரையில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள். பனி மெல்லிசாக மிதக்கிறது. தெற்கே அந்த வெள்ளைக்கு அடியில் பாறை, ஒரு கண்டமே புதைந்து கிடக்கிறது. சுற்றிலும் கடல், வடக்கைவிடக் கொடுமையான குளிர். அங்கே சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு மனிதரும் கிடையாது, ஆராய்ச்சிக்குப் போகிறவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள். மிதக்கிற பனி உருகினால் கடல் பெரிதாக ஏறாது. பாறை மேல் இருக்கிற பனி உருகினால் ஏறும், நம் கடலூர்க் கரை வரைக்கும் ஏறும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், மேலே பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உன் நெஞ்சில் இருந்தது பாறை. கேட்ட டாக்டரிடம் அதை மறைத்துவிட்டு, வெள்ளையை மட்டும் காட்டினோம்.

நான் முதலாளியிடம் போனேன். மூன்றே விஷயம் கேட்டேன். ஈரத்திலேயே பினிஷிங் செய்ய விடுங்கள், தூசியை இழுக்கும் மின்விசிறி வையுங்கள், உள்ளே இருக்கும் எல்லாருக்கும் நெஞ்சைப் படம் எடுங்கள்.

"யாருக்கும்மா இங்க சீக்கு வந்துச்சு?" என்றார்.

"எங்க அண்ணிக்கு."

"உங்க அண்ணி இங்க வேலை செஞ்சாங்கன்னு உங்க அண்ணனே சொல்லலியே. பந்தல்ல நானும்தான் ஒக்காந்திருந்தேன். அவரு வந்து சொல்லட்டும், பேசிக்கலாம்."

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேட்டேன். முதலில் கத்தினான். பிறகு குரல் இறங்கியது. "ஒனக்கு மாப்ள பாக்குற நேரம் கவிதா. அண்ணி பொம்ம கம்பெனிக்குப் போனாங்க, அதுலயே செத்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா யாரு வருவா? ஒனக்காகத்தான் வாயை மூடிக்கினு இருக்குறேன்."

எனக்காகவாம். என் கல்யாணத்துக்காக செல்வி மூச்சு வாங்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஐய, சின்ன வயசா இருக்குதே. என்னாச்சு?" என்று கேட்டது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெஞ்சு சளி... வூட்லதான் இருந்துச்சு..." என்று ஆரம்பித்தான்.

நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன். "பீங்கான் கம்பெனியில வேலை செஞ்சாங்க. அந்தத் தூசியில செத்தாங்க. அண்ணே, நீ சொல்லு."

அந்த அம்மா அண்ணன் பக்கம் திரும்பி, "அப்டியாப்பா?" என்றது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அண்ணன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா உச்சுக்கொட்டிவிட்டுப் பேச்சை என் பக்கம் திருப்பியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "டீ ஆறுது, எடுத்துக்குங்க" என்றான்.

அவர்கள் இன்னும் பதில் சொல்லி அனுப்பவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. யாழினிக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டது, இப்போது என்னோடுதான் படுக்கிறாள். செல்வி இன்றும் வேலைக்குப் போயிருக்கிறாள். போகாதே என்றால், "வேற எங்கக்கா போறது, நீயே சொல்லு" என்கிறாள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. செல்வி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போவேன். கேட்பதற்கு முன்பே அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்வேன். யாழினி வளர்ந்து கேட்டால், உன் அம்மா வேலைக்குப் போனாள் என்று சொல்வேன். அந்த ஜன்னல்கள் திறக்கும் வரை அந்தக் கம்பெனி வாசலை விடமாட்டேன்.

ஆனால் நாத்தனார் சொன்னால் போதாதாம், புருஷன் சொல்ல வேண்டுமாம். இதை அவனும் படிப்பான். அதனால் இந்தக் கடைசி வரி மட்டும் உனக்கு இல்லை அண்ணி, அவனுக்கு.

அண்ணே, திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலுக்கு என்னோடு வா. எல்லாரும் உள்ளே போகிற நேரத்தில் முதலாளி முன்னால் நின்று, "என் பொண்டாட்டி இங்கதான் வேலை செஞ்சா" என்று சொல்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்
கவிதா