நீட்டிய கால்

பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கோமு மதினிக்கு,

விஜயஸ்ரீ எழுதுவது. புனே குளிரில் நீங்களும் வயிற்றுப் பிள்ளையும் அண்ணாச்சியும் சுகமாக இருக்க வேண்டும். பெரியவனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போனில் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். உங்கள் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள், தெருவுக்கே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அத்தை ரயில் ஏறுகிறார்கள். துணைக்கு வரும் உங்கள் தம்பியிடம் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். கட்டின பெண்டாட்டி எழுதியதென்றாலும் அவர் பிரித்துப் பார்க்க மாட்டார்.

பிரசவத் தேதி நெருங்கியும் அம்மா புறப்படவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். மருமகளுக்கு இன்னும் வலி நிற்கவில்லை என்று அத்தை உங்களிடம் சொன்னார்கள். அவர்கள் நம்பித்தான் சொன்னார்கள். பொய் சொன்னது நான்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு வலியைவிடப் பயம்தான் என்னைப் படுத்தியது. மாத்திரை போட்டும் உடம்பு விறைத்துக் கிடக்கும், நெஞ்சு படபடக்கும். வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் ரைஹானத் என்று ஒரு நர்ஸ், டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னாள். தையல் பக்கம் போகாமல், கையையும் பாதத்தையும் மட்டும் தேங்காயெண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிட வேண்டுமாம். மருந்தோடு இதுவும் சேர்ந்தால் வலியும் படபடப்பும் கொஞ்சம் அடங்கும் என்றாள். பக்கத்தில் இருந்தது அத்தைதான்.

மாமியார் என் காலைத் தொடுவதா என்று வெடுக்கென்று இழுத்தேன், தையல் சுரீரென்றது. "ஏட்டி, பைய நீட்டு. பாவம் வந்தா என் தலையில வரட்டும்" என்று அதட்டினார்கள். அவர்கள் அதட்டல் உங்களுக்குத் தெரியாததா? அந்த வார்டே காலை நீட்டியிருக்கும். அவர்கள் நீவ நீவ அழுதேன், அப்படியே தூங்கியும் போனேன். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். குனிந்து கும்பிட முடியாதே.

வீட்டுக்கு வந்தும் சாயங்காலம் தவறாமல் நீவிவிட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்று அத்தை ஒருநாளும் குத்திப் பேசியதில்லை. நீவும்போது மட்டும் நீங்கள் பிறந்த கதை, உங்கள் தம்பி எண்ணெய்க் குளியலுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த கதை எல்லாம் வரும். என் அம்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டாள்.

வலி நின்று நாளாகிவிட்டது, மதினி. கேட்கும்போதெல்லாம் இன்னும் இருக்கிறது அத்தை என்றேன். நின்றுவிட்டது என்றால் உங்களிடம் வந்துவிடுவார்களே. பொறாமையும்தான். உங்களுக்குப் பிள்ளையும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

நிறைமாதத்தில் பெரியவனையும் வைத்துக்கொண்டு நீங்கள் தனியாகத் திண்டாடுவதைக் கேட்டு, போனை வைத்துவிட்டு அத்தை கண்ணைத் துடைத்தார்கள். துடைத்த கையோடு என் காலுக்கு எண்ணெய் எடுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து நின்று, வலி இல்லை, நீங்கள் மதினியிடம் போங்கள் என்றேன். எப்போதிலிருந்து இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டுங்கள். ஆனால் பிரசவம் முடிந்து உடம்பு நோகும்போது வெட்கப்படாமல் கையையும் காலையும் அத்தையிடம் நீட்டுங்கள். பிள்ளையை அவர்கள் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நான் சந்தோஷமாகத்தான் பார்ப்பேன்.

நெல்லையப்பர் புண்ணியத்தில் தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிய வேண்டும். பிள்ளைக்குத் தலை நிற்கும்வரை அத்தை அங்கேயே இருக்கட்டும். பிறகு, ஊருக்குப் போக வேண்டும் என்று அவர்களாகச் சொன்னால் மட்டும் அனுப்பி வையுங்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தை நான் இன்னும் கழுவவில்லை.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
விஜயஸ்ரீ