மஞ்சள் கோடு போட்ட கிடார்

அன்பு மகன் பிரவீனுக்கு அம்மா பாஞ்சாலி எழுதுவது. உடையவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே ஏதோ நலமாக இருக்கிறோம், நீ அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு தூங்கி, நலமாக இருக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நாம் பேசுவதெல்லாம் கட்டிலில் இருக்கும் அப்பா காதில் விழுகிறது. மற்றதை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் இருக்கிற ஒரே அறையில் நான் எங்கே போய்ப் பேசுவேன், வாசலுக்குப் போனால் லாரிச் சத்தத்தில் நீ சொல்வது எனக்குக் கேட்காது. அதனால்தான் உன் சிநேகிதன் ஜெபகுமார் போலந்துக்குக் கிளம்புகிறான் என்றதும் பேனாவை எடுத்தேன். அவனிடம் கொடுத்தனுப்பச் சொன்னாயே உன் கிடார், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், முழுசாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நீ போகும்போது அப்பா நடமாடிக்கொண்டிருந்த மனிதர். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு இந்த வீடு என்ன ஆயிற்று என்று வீடியோவில் பார்த்தால் உனக்குத் தெரியாது. பின்னால் இருந்த காலி மனையிலும் குடோன் வந்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் மதில். இரண்டு பக்கமும் கம்பெனி மதில், முன்னால் ஒரகடம் ரோடு, அதைத் தாண்டி அவரைக் கூட்டிப் போக ஆட்டோ வந்தால்தான் உண்டு. கேன்டீன் வேலையை நான் விட்டாயிற்று. கம்பெனி பஸ் இன்னமும் நம் வாசலுக்கு எதிரே வந்து நின்று ஹாரன் அடித்து மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது, அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் உடையவர் கோயிலுக்குப் போய் எத்தனை காலமோ ஆகிறது. சரி, ஒரு டிவியாவது போடலாம் என்றால் மற்ற அறைகளில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் நைட் ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறார்கள். பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் கழுவுகிறேன். இப்படி நாளெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சண்டை. சோறு குழைந்தால் சண்டை, குழையாவிட்டாலும் சண்டை.

அப்போதுதான் ஒருநாள் பீரோ மேல் நீ வைத்துவிட்டுப் போன டெலிகாஸ்டர் கிடாரை இறக்கச் சொன்னார். நல்லாயிருக்கிற கைக்கு வேலை கொடுக்க வேண்டுமாம். கொஞ்ச நாள் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே போனில் அதைப் பற்றியே பார்த்தார், பார்த்ததையெல்லாம் வாய் குழறக் குழற என்னிடம் சொன்னார். "இன்னாமே இது, வெறும் பலகமே! ஒரு பலக, ஒரு கழுத்து, நாலு ஸ்க்ரூ. இத்த பண்ணவன் நம்ம லைன்ல நின்னவன் மாதிரி யோசிச்சிகீறான்" என்றார், லாரி கம்பெனி லைனில் நின்ற மனிதராச்சே. அதைச் செய்த அமெரிக்காக்காரர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவராம், அவருக்கே கிடார் வாசிக்கத் தெரியாதாம். அதுவரைக்கும் கிடார் என்றால் வயிறு பொள்ளலாக, கழுத்தைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்களாம். மின்சாரம் கொடுத்துச் சத்தத்தை ஏற்றினால் ஊளையிடுமாம். இவர் கெட்டியான பலகையில் செய்து அந்த ஊளையை அடக்கினார், கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறு போட்டுக்கொள் என்று ஸ்க்ரூ வைத்தார். முதலில் காட்டியபோது படகுத் துடுப்பு என்று மற்ற கம்பெனிக்காரர்கள் கேலி செய்தார்களாம். அப்புறம் வைத்த பெயருக்கும் வேறொரு கம்பெனி தகராறு செய்ய, லேபிளில் மாடல் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டுக் கொஞ்ச மாதம் பெயரே இல்லாமல் விற்றிருக்கிறார்கள். டெலிவிஷன் பிரபலமாகிக்கொண்டிருந்த காலம், அதனால் டெலிகாஸ்டர் ஆயிற்றாம். "நம்ம லைன்ல ஒரு மாடல் பத்து வருஷம் ஓடுனாலே கேக் வெட்டுவானுங்க. இது எழுபது வருஷத்துக்கு மேல அதே உருவத்துல ஓடிக்கினு கீதுமே" என்று தன் பிள்ளைக்கு பதவி உயர்வு கிடைத்த மாதிரி பூரித்துப்போனார். நீ வாங்கி வந்த நாளில் இதையெல்லாம் நீ எங்களிடம் சொன்னாயோ என்னவோ, யார் காதில் வாங்கினோம்.

பூரித்தால் போதுமா, வாசிக்க வலது கை வேண்டாமா? இடது கை விரல்களால் வீடியோ பார்த்துப் பார்த்துக் கம்பியை மூன்று இடத்தில் அழுத்தப் பழகிவிட்டார். தட்டத்தான் ஆளில்லை. "வாமே, ஒரு தட்டு தட்டு" என்று கூப்பிடுவார், அடுப்பில் குழம்பு என்பேன், "கொழம்பு எங்க ஓடப்போவுது" என்பார். கடைசியில் அவருக்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, பிளாஸ்டிக் டப்பா மூடியில் வெட்டின துண்டால் நான் தட்டுவேன், அவர் அழுத்துவார். வளையல் படுகிறது என்று திட்டுவார், நான் அவர் விரலைத் திட்டுவேன். சத்தம் ஏற்றுகிற பெட்டியில் இணைக்காமல் தட்டினால் அது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை, எங்கள் இரண்டு பேர் காதுக்கு மட்டும்தான். தப்பாகத் தட்டினால் தப்பாகவே கேட்கிறது, பூசி மெழுகுகிற வேலையே அதனிடம் கிடையாது. தினமும் சாயங்காலம் இதுதான் பிரவீன். அந்த நேரத்தில் மட்டும் இந்த மதில் என் கண்ணில் படுவதில்லை.

இதற்கு நடுவில் உன் அப்பா ஒரு கூத்து செய்தார். கழுத்து ஆடுகிறது என்று சந்தேகப்பட்டு, நம் வீட்டில் வாடகைக்கு இருக்கிற திருநெல்வேலிப் பையன் இசக்கிபாண்டியிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, இடது கையாலேயே லாரிச் சக்கரத்தை இறுக்குவது மாதிரி இறுக்கிவிட்டார். "இதுக்கு மேல முறுக்குனா மரம் கீறிரும் அண்ணாச்சி" என்று அந்தப் பையன் பதறிப்போனான். அதோடு விட்டாரா, மஞ்சள் மார்க்கர் கொண்டுவரச் சொல்லி நாலு ஸ்க்ரூவிலும் கோடு வேறு போட்டார். லாரி கம்பெனியில் ஆயுசெல்லாம் அவர் செய்த வேலை அதுதானே, இறுக்கிச் சரிபார்த்த நட்டு மேலும் அதன் அடியில் இருக்கிற இரும்பு மேலும் சேர்த்து ஒரே கோடு. கோடு விலகியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மறுபடி இறுக்கிக் கோடு போடாமல் அந்த வண்டி கேட்டைத் தாண்டாது.

போன வாரம் நீ போனில், "ரூம்ல நாலு செவுத்த பாத்துகினு பைத்தியம் புடிக்குதுமா, என் கிடார ஜெபகுமார்ட்ட குடுத்தனுப்பு" என்றாயே, அதை அப்பா கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபகுமார் சூட்கேஸோடு வந்தான். முழுசாக வைத்தால் உள்ளே போகாது என்றான். அப்பா உடனே, "அதுக்குத்தானடா ஸ்க்ரூ வச்சிகீறான்" என்று சொல்லி, நாங்கள் தடுப்பதற்குள் கோடு போட்ட ஸ்க்ரூக்களைத் தானே கழற்ற ஆரம்பித்தார். நாலாவது வரவில்லை, இசக்கிபாண்டிதான் வந்து எடுத்தான். பலகை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கமாகக் கட்டிலில் கிடந்தது. அப்பாவின் இடது கை விரல்கள் கட்டில் சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தன. பார்க்கச் சகிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பினால், என் வலது கை என் புடவையையே தட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை, கோடு ஒடஞ்ச பீஸ வெளிய அனுப்புவியா நீ, இதான் நீ வேல பாத்த லட்சணமா என்று அவரைக் கேட்டேன். அவர் கோணிய வாயோடு சிரித்து, "புள்ள கேட்டான்மே" என்று மட்டும் சொன்னார். நான் ஜெபகுமாரிடம், அப்பாவுக்கு அது வேண்டுமாம், சூட்கேஸை வைத்துவிட்டுப் போ, கிளம்புகிற அன்றைக்கு வந்து எடுத்துக்கொள் கண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அது பொய்டா பிரவீன். அப்பா மனதாரக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் வேண்டும். உனக்கு வேண்டும் என்று நீ கேட்டாய், அப்பாவுக்கு வேண்டும் என்று ஊரே சொல்லும், எனக்கு ஒன்று வேண்டுமா என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. நீ அங்கே படுகிற பாட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் உன் வேலை ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது கண்ணு, என்னுடையதற்கு இல்லை. அதனால் தரமாட்டேன்.

சூட்கேஸில் கிடார் வைக்க இருந்த இடத்தில் எலுமிச்சை ஊறுகாயும் வடகமும் வைத்திருக்கிறேன், தனியாகத் தின்று தீர்க்காமல் ஜெபகுமாருக்கும் கொடு. கம்பளிக் குல்லாய் போடாமல் வெளியே போகாதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு கதவு உனக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன், உடையவர் உன்னைப் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் மறக்காதே, இதைப் பற்றி போனில் வாய் திறக்காதே, அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். என்மேல் கோபம் இல்லையென்றால், எடுத்ததும் நீ சாப்பிட்டியாமா என்று கேள். எனக்குப் புரிந்துவிடும்.

உன் அம்மா,
பாஞ்சாலி பரசுராமன்