பெயருக்கு முன்னால் ஒரு பதில்

டயகம,
03.02.2025

திரு. திலக்ஷன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மழை விட்டு, காலையில் பனி விழுகிறது. வவுனியாவில் இந்த நேரம் வெயில் ஏறியிருக்கும். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் பெயர் ராசம்மா. வயது ஐம்பத்தேழு. கோப்புத் தூக்குகிற உதவியாளராக அரசாங்க அலுவலகத்துக்குள் வந்தவள். சாதாரண தரமும் உயர்தரமும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தே படித்து, தனியாகப் பரீட்சை எழுதி, எழுதுவினைஞராகி, இப்போது பதில் நிர்வாக உத்தியோகத்தராக, அதாவது நிரந்தர ஆளுக்குப் பதிலாக, இருக்கிறேன். இந்தப் ‘பதில்’ பல வருடமாக என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரந்தரமாக ஒருவரை வெளியூரிலிருந்து அனுப்புவார்கள். அவர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவார். மறுபடியும் நான் பதில். அடுத்தவர் வந்ததும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பார்.

விசயத்துக்கு வருகிறேன். அரசாங்க ஊழியர்கள் இணையத்தில் ஒருவருக்கு ஒருவர் வழிகாட்டி முன்னேற வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டு, பெயர்ப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் சிங்களப் பிரதி வந்தது. தமிழ்ப் பிரதி வராமல் எந்தச் சுற்றுநிருபத்தையும் நான் திறப்பதில்லை. இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சண்டை. சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தமிழில் தர வேண்டியதைத் தமிழில்தான் தர வேண்டும். பிறகு தமிழ் வந்தது. ‘வழிகாட்டுநர்’ என்று போட்டு என் பெயர். பக்கத்தில் உங்கள் பெயர், வயது முப்பத்துமூன்று, அதற்கு மேலும் ‘வழிகாட்டுநர்’. ஒரு பட்டியலைக்கூடத் தமிழில் பிழையில்லாமல் அடிக்க ஆளில்லை. வயதைப் பார்த்தாலே யார் யாருக்கு வழிகாட்டுவது என்று விளங்குகிறது. நான் பேனாவால் திருத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை சூம் கூட்டத்துக்கு வந்திருந்தேன். என் வீட்டில் சிக்னல் கிடையாது. மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். தூறலில் நின்றேன். கொழுந்து நிறுக்க வந்த அன்னம்மா, என்னோடு சின்ன வயதில் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “என்னாடி ராசு, போனுக்குக் கொடை புடிக்கிற, அதுக்குச் சளி புடிச்சிருமா?” என்றாள். நீங்கள் பேசத் தொடங்கியதும் உங்கள் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. கடைசிவரை அசையவில்லை. அந்த முகத்தோடு எனக்குப் பேச முடியாது. ஆகவே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். எழுத்தில் இருப்பதற்குத்தான் அரசாங்கத்தில் மதிப்பு.

யாருக்கும் வழிகாட்டுகிற ஆசை எனக்கு இல்லை. கொடுத்த வேலையை மறுத்தும் பழக்கமில்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

இப்படிக்கு,
ராசம்மா
பதில் நிர்வாக உத்தியோகத்தர்


வவுனியா,
14.02.2025

மதிப்புக்குரிய மிஸ்,

உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். கையால் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டி, ஒரு ஆளுக்கு ஒரு ஆள் எழுதிய கடிதம் இங்கே வந்து நாளாகிவிட்டது. யாரோ காதல் கடிதம் என்று கதை கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

என் முகம் அப்படி நின்றதற்கு மன்னியுங்கள். உங்கள் பக்கம் குடையின் உட்புறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

பட்டியலை நீங்கள் திருத்திக்கொண்டது பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. கேட்கச் சொன்னதால் கேட்கிறேன். நிர்வாக உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரப் போகிறார்கள் என்று கேள்வி. அந்த நேர்முகத்துக்குப் போகிற ஒருவர் எப்படிப் பேச வேண்டும்? மேலதிகாரி இல்லாத நேரத்தில் நீங்களாக எடுத்த முடிவு எது என்று கேட்டால் என்ன சொல்வது? இந்தப் பதவி உங்களுக்கு எதற்கு என்று கேட்டால்? உங்கள் அனுபவத்திலிருந்தே எழுதினால் நன்றாக விளங்கும்.

அன்புடன்,
திலக்ஷன்


டயகம,
27.02.2025

தம்பி திலக்ஷனுக்கு,

மிஸ் வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் இல்லை. அக்கா என்று எழுதலாம். பதவியைப் போடாமல் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அது தப்பு. எந்தப் பதவியாக இருந்தாலும் எழுத வேண்டும்.

சிவனொளிபாதமலை ஏற நல்லதண்ணிக்கு யாத்திரைக்காரர் போகிற காலம் இது. பஸ்ஸில் ஒரு காலில் நின்றுதான் அலுவலகம் போய் வருகிறேன். அதனால் தாமதம்.

முதல் கேள்விக்குப் பதில். ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. எங்கள் பிரதேச செயலாளர் கொழும்பில் இருந்தார், போன் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி, ஆட்களை அங்கே ஏற்றி, உலர் உணவுக்கு நானே கையெழுத்திட்டேன். பிறகு யாருடைய அனுமதியில் செய்தீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். மண் அனுமதி கேட்டுவிட்டுச் சரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த விளக்கம் இன்னும் என் தனிப்பட்ட கோப்பில் இருக்கிறது. நேர்முகத்தில் இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பெருமையடிக்காமல், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள்.

இரண்டாவது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற தோட்டத்து ஆள் அன்றைய வேலைப் பேரை இழந்துவிட்டு வருகிறார், அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. அவரை நாளைக்கு வா என்று சொன்னால் இன்னொரு நாளும் போகும். வந்த அன்றே, அவருக்கு விளங்குகிற மொழியில், ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் கிடைக்க வேண்டும். அதைச் செய்ய அந்த நாற்காலியில் இருக்கிறவருக்குத்தான் அதிகாரம் இருக்கிறது. பதிலாக உட்கார்ந்திருப்பவர் எதைச் செய்தாலும், நிரந்தர ஆள் வந்து மாற்றலாம். அதனால்தான் அந்தப் பதவி வேண்டும்.

இதையெல்லாம் நான் மனதுக்குள் தயாரித்துக்கொண்டு ஒரு முறை நேர்முகத்துக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். விலாசத்தைப் பார்த்துவிட்டு, தோட்டமா என்றார் நடுவில் இருந்தவர். ஆம் என்றேன். கொழுந்து எடுத்திருக்கிறீர்களா என்றார். ஆம் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று சிங்களத்தில் கேட்டார். இருபத்தைந்து என்றேன். மூவரும் சிரித்தார்கள். வேறு ஒரு கேள்வியும் இல்லை. போகலாம் என்றார்கள். ஆளுமைக்குப் புள்ளி போதாது என்று கடிதம் வந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி எந்த நேர்முகச் சபைக்கு முன்னாலும் போய் உட்கார மாட்டேன். பதிலாகவே வந்தேன், பதிலாகவே பென்சன் வாங்கி இளைப்பாறுவேன். நீங்கள் போங்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ராசம்மா
பதில் நிர்வாக உத்தியோகத்தர்


டயகம,
20.03.2025

ஐயா,

திட்டத்தின் தமிழ்ப் பிழையைக் காட்டி முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். மூலத்தை எடுத்துக் காட்ட வேண்டுமே என்று சிங்களப் பிரதியை முதல் தடவையாகத் திறந்தேன். அதில் இரண்டு வரிசைக்கும் இரண்டு வேறு சொல். வழிகாட்டுபவர் நீங்கள். வழிகாட்டப்பட வேண்டியவள் நான். உங்கள் பதவியும் அதில் இருக்கிறது. நிர்வாக உத்தியோகத்தர். நிரந்தரம். முப்பத்துமூன்று வயதில்.

உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். ‘நேர்முகத்துக்குப் போகிற ஒருவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நான்’ என்று எழுதவில்லை. கெட்டிக்காரத்தனம். என்னைக் கொண்டே எனக்குப் பாடம் எழுத வைத்துவிட்டு, அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருப்பீர்கள். அன்றைக்கு மூன்று பேர் சிரித்தார்கள். இன்றைக்கு எத்தனை பேர்?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராசம்மா


வவுனியா,
29.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். வாசிக்காமல் திருப்பி அனுப்பினாலும் சரி.

உங்கள் முதல் கடிதத்தை வாசித்தபோது என்னை நையாண்டி செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு தமிழ்ப் பிரதியைத் தேடிப் பார்த்தேன். உண்மையாகவே இரண்டு இடத்திலும் ஒரே சொல். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் பேனாவை மூடிவிடுவீர்கள் என்று பயந்தேன். அது மட்டும்தான் காரணம். உங்கள் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. அம்மாவுக்கு மட்டும் மண்சரிவுப் பகுதியை வாசித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தம்மா இன்னும் பதிலாவா இருக்கிறா?” என்று கேட்டார்.

திட்டத்து வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள்தான் வரும் என்று நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லாமல் அங்கே ஒரு கேள்வி போட்டேன். கண்டியில் வேலை செய்யும் சுதர்ஷினி என்கிற உத்தியோகத்தர் விவரம் தேடி அனுப்பினார். இந்த முறை நேர்முகம் இணையத்தில். விண்ணப்பத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறித்தால், கேள்வியும் தமிழில்தான் இருக்க வேண்டும். கடைசித் திகதி ஏப்ரல் பதினொன்று.

நீங்கள் எழுதிய இரண்டு பதில்களையும் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இதற்கு மேல் உங்களுக்கு வழிகாட்ட எனக்குத் தெரியாது. நீங்கள் போகாவிட்டால் வெளியூரிலிருந்து இன்னொருவர் வருவார், அவருக்கும் கோப்பு எங்கே என்று நீங்கள்தான் காட்டுவீர்கள். அது ஒன்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிழைச் சொல்லைத் திருத்தக் கேட்டிருக்கிறேன். ‘வழிகாட்டப்படுபவர்’ என்று மாற்றுவதாகச் சொல்கிறார்கள். உங்களுக்குச் சம்மதமா?

தங்கள் அன்புள்ள,
திலக்ஷன்
நிர்வாக உத்தியோகத்தர்


டயகம,
10.04.2025

தம்பி திலக்ஷனுக்கு,

சம்மதமில்லை. ‘வழிகாட்டப்படுபவர்’ என்றால் கயிற்றைப் பிடித்து ஆட்டுக்குட்டியை இழுத்துப் போகிற மாதிரி இருக்கிறது. வேறு சொல் யோசிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களுக்காக அனுப்பவில்லை. உங்கள் அம்மா கேட்ட கேள்விக்காக அனுப்பினேன்.

ராசம்மா
பதில் நிர்வாக உத்தியோகத்தர்


டயகம,
26.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. கையில் கடிதம் வராமல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். இப்போது வந்துவிட்டது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நேர்முகத்தை அலுவலகத்தில் வைத்தால் தெரியாதவர் இருக்க மாட்டார்கள் என்று லீவு போட்டு, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அறையைக் கேட்டு வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் போய்விட்டது. நேரமாகிவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு, நல்ல சேலையோடு, மடுவத்துக்கு ஏறினேன். கொழுந்து நிறுக்கிற நேரம். மூன்று முகமும் வந்தன. இந்த முறை ஒன்றும் நிற்கவில்லை.

தலைவர் சிங்களத்தில் தொடங்கினார். தமிழ் என்று குறித்திருக்கிறேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன். இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, பிறகு என்ன என்றார். பேசத் தெரியும், கேள்வி தமிழில் வர வேண்டும் என்றேன். சபையில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர்தான் கேட்டார். நீங்கள் எழுதி அனுப்பிய அதே இரண்டு கேள்வியும் வந்தது, கொஞ்சம் வேறு சொல்லில். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன்.

பின்னால் என்ன சத்தம் என்றார் தலைவர். கொழுந்து நிறுக்கிறார்கள் என்றேன். எனக்குள்ளே ஏதோ கிளம்பிவிட்டது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், நானும் கொழுந்து எடுத்தவள்தான், ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோ என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் கூடையோடு நின்ற அன்னம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

“அடியேய் ராசு, கவர்மெண்டு ஆளுங்ககிட்ட பொய் சொல்லாத. பதினெட்டுக்கு மேல நீ எடுத்ததே இல்ல.”

மடுவம் முழுக்கச் சிரித்தது. தமிழ் தெரிந்த அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு மற்ற இருவருக்கும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். தம்பி, நானும் சிரித்துவிட்டேன். பதினெட்டுத்தான் உண்மை. அந்த முதல் நேர்முகத்தில் வீம்புக்குச் சொன்ன இருபத்தைந்தை இத்தனை வருடமும் நானே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். தலைவர், சரி பதினெட்டு என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுதுங்கள் என்றேன். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எல்லாம் வேலையைப் பற்றிய கேள்வி.

நியமனக் கடிதம் சிங்களத்தில் வந்தது. தமிழ்ப் பிரதி வராமல் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொன்னேன். செயலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நாளைக்கே மேலிடத்தின் மனது மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மாறட்டும் என்றேன். ஒன்பது நாள் கழித்துத் தமிழ் வந்தது. அதில் ‘உத்தியோகத்தர்’ என்ற சொல்லில் ஒரு எழுத்தைக் காணோம். பேனாவால் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன்.

ஆனால் இந்த முறை சிங்களப் பிரதியையும் வாசித்துவிட்டேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு தடவை.

இளைப்பாற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்த நாற்காலி பழையதுதான். நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்ததுதான். ஆனாலும் திங்கட்கிழமை போய் உட்கார்ந்தபோது முதுகை முழுதாகச் சாய்த்துப் பார்த்தேன். இத்தனை வருடம் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துவிட்டேன். சுதர்ஷினிக்கு நன்றி சொன்னேன். பூ அனுப்பவில்லை. குழுவின் பெயரில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது, அதைத் திருத்தச் சொன்னேன். உங்கள் அம்மாவிடம், அவர் கேட்ட கேள்விக்கு, ‘இப்போது இல்லை’ என்று சொல்லுங்கள். ஒரு பொட்டலம் தேயிலை தனியாக அனுப்புகிறேன், அவருக்கு.

என் பெயருக்கு முன்னால் இனிப் பதில் கிடையாது. உங்களிடமிருந்து ஒன்று வர வேண்டும்.

அன்புள்ள அக்கா,
ராசம்மா
நிர்வாக உத்தியோகத்தர்